குப்பைத்தொட்டியில் இல்லாத தட்டுகள்

காலை ஏழு ஐம்பதுக்கு ஆய்வகத்துக்குள் நுழைந்த மனிதரின் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கியது. அந்த நிமிடமே ஈயக்கா மனதுக்குள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டாள். ஸ்டாப்வாட்ச்.

அவளுக்கும் அப்படி வந்து ஒட்டிக்கொண்ட பெயர்தான். பதின்மூன்று வருடமாக அந்த ஆய்வகத்துப் பழ ஈக்களுக்குத் தீனி கிண்டி, புட்டி கழுவி, முட்டை சேகரித்துத் தருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வீட்டில் கொழுந்தன் இன்று காலைகூட விடவில்லை.

"அண்ணிக்கு என்ன, ஆபீஸ்ல உக்காந்து ஈ ஓட்டுற வேலை. அதுக்குச் சம்பளம் வேற."

"ஒரு புட்டியைத் திறந்து விடுறேன், நீங்க ஓட்டிப் பாருங்க தம்பி" என்று பதில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஆனால் மனம் முழுக்க இன்று நடக்கப்போகும் சோதனையில்தான் இருந்தது.

விஷயம் பெரியது. பேராசிரியையின் நான்கு வருட உழைப்பு போன வருடம் கட்டுரையாக வெளிவந்திருந்தது. ஈயின் கருவில், வயிற்றுப் பக்கம் நடுவில் ஒரு வரிசை செல்கள் இருக்கின்றன. அவை அக்கம்பக்கத்துச் செல்களுக்கு ஒரு செய்தி அனுப்பும். முதலில் அது தெருவுக்கே கேட்கிற மாதிரி அகலமாகப் பரவும். பிறகு ஒரு வேடிக்கை நடக்கும். அந்தச் செய்தியை மிகச் சத்தமாகக் கேட்ட செல்களே ஒரு பொருளைச் சுரந்து, தள்ளி இருக்கிற செல்களின் காதை அடைத்துவிடும். செய்தி பரவிய பட்டை சுருங்கிவிடும். தானே தனக்குப் போட்டுக்கொள்ளும் பிரேக். அது விழாவிட்டால், யார் என்னவாக வளர வேண்டும் என்று தெரியாமல் செல்கள் தடுமாறி, கரு கந்தலாகிவிடும்.

பேராசிரியை கண்டுபிடித்தது அந்த பிரேக்கின் நேரம். முட்டையிட ஈக்கூண்டில் அரைமணி வைத்த தட்டை வெளியே எடுத்து ஐந்து மணி நேரம் வரை பட்டை அகலமாக இருக்கும், அடுத்த அரைமணிக்குள் சுருங்கும், ஒரு கருகூட முந்தாது என்று எழுதியிருந்தார்.

ஸ்டாப்வாட்ச் தன் ஊர் ஆய்வகத்தில் இதையே செய்து பார்த்தார். பத்துக்கு மூன்று கரு முந்திக்கொண்டது. நான்கு மாதம் முயன்றும் அதே கதை. கடைசியில், இங்கேயே வந்து, இதே ஈக்களை வைத்துத் தன் கையால் செய்து பார்ப்பது என்று முடிவானது. இங்கும் தவறினால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும்.

"இன்னிக்கு நீங்க எதுலயும் கை வைக்கக் கூடாது" என்றார் பேராசிரியை, தாழ்ந்த குரலில். "கட்டுரையில இருக்கிறதை வரிக்கு வரி அவரே செய்யட்டும். நாம உதவினோம்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது."

"வாயாவது திறக்கலாமா மேடம்?"

"அதை முக்கியமா திறக்காதீங்க."

ஈயக்கா தீனி அறைக்குப் போனாள். மக்காச்சோள மாவும் ஈஸ்ட்டும் பெரிய பாத்திரத்தில் கொதித்தன. அடி பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருந்தாள். இருநூறு புட்டிகளுக்கு ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் பஞ்சு அடைத்து நிமிர்ந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. பாத்திரத்தில் ஒட்டிய அடிக்கட்டியைச் சுரண்டிக் கொட்ட, ஈ அறைக்குள் போனாள்.

நுண்ணோக்கியில் குனிந்திருந்த ஸ்டாப்வாட்ச் நிமிரவே இல்லை. செய்தி கேட்கிற செல்கள் பச்சையாக ஒளிரும்படி வளர்த்த ஈக்கள் அவை. கருவின் ஓட்டை நீக்கி, எண்ணெயில் வைத்துப் பார்த்தால் பட்டை பளிச்சென்று தெரியும்.

"முதல் தட்டு, நாப்பதுல பன்னிரண்டு முந்திடுச்சு. ரெண்டாவது தட்டு, நாப்பதுல மூணு. மன்னிக்கணும் மேடம். நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்."

பேராசிரியை அவர் எழுதிய எண்களைக் குனிந்து பார்த்தார்.

ஈயக்கா குப்பைத்தொட்டியை மிதித்துத் திறந்தாள்.

காலி.

திறந்த மூடியோடு அப்படியே நின்றாள். தினமும் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அந்தத் தொட்டியில் இரண்டு தட்டுகள் கவிழ்ந்து கிடக்கும். பதின்மூன்று வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. போட்டவள் அவள்தான்.

"சார், முதல் ரெண்டு தட்டை வீசலையா நீங்க?"

பேராசிரியை சட்டென்று திரும்பினார். சொல்லாதே என்றது அந்தப் பார்வை. சொல்லியாகிவிட்டது.

"எதுக்கு வீசணும்?" என்றார் ஸ்டாப்வாட்ச்.

"அது பழைய முட்டை சார். ராத்திரி முழுக்க ஈக்கூண்டுல காய்ஞ்ச தட்டுதான் இருக்கும். பிடிச்ச இடம் கிடைக்காம சிலது முட்டையை உள்ளேயே அடக்கி வச்சிருக்கும். கரு அங்கேயே வளர ஆரம்பிச்சிடும். காலையில பழச்சாறு ஊத்தி, ஈஸ்ட் தடவி, புதுத் தட்டு வச்சதும் அதைத்தான் முதல்ல போட்டுத் தள்ளும். நீங்க அரைமணி முட்டைன்னு எடுத்தது மூணு மணி நேர முட்டையா இருக்கும். அது முந்தாம என்ன செய்யும்?"

"கட்டுரையில அப்படி ஒரு வரியே இல்லையே."

"இதை எழுதணும்னு எனக்குத் தெரியாது சார். பாத்திரத்தைக் கழுவிட்டுச் சமைக்கணும்னு யாராவது எழுதி வைப்பாங்களா?"

பேராசிரியை மெல்ல உட்கார்ந்தார். "எனக்கே தெரியாது. எங்க கைக்கு வர்றது எப்பவும் மூணாவது தட்டுதான்."

ஸ்டாப்வாட்ச் கண்களைச் சுருக்கினார். "முடிவு தப்பாப் போனதும் காரணம் கிடைக்கிறது வசதியாத்தான் இருக்கு அம்மா."

சுருக்கென்று தைத்தது. ஈயக்கா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மூணாவது தட்டு உங்ககிட்டதானே சார் இருக்கு? ஒன்பதுல இருந்து ஒன்பதரை வரைக்கும் எடுத்தது. இன்னும் பார்க்கலை. இப்பவே சொல்றேன், அதுல ஒண்ணுகூட முந்தாது. முந்துச்சுன்னா மேடம் திரும்ப வாங்குற கட்டுரையோட என் வேலையையும் சேர்த்து வாங்கிக்கட்டும்."

இரண்டரை மணிக்கு அறை விளக்கை அணைத்தார்கள். ஸ்டாப்வாட்ச் எண்ணத் தொடங்கினார். பேராசிரியை கோடு போட்டுக்கொண்டே வந்தார். பத்து, அகலம். இருபது, அகலம். முப்பது, அகலம்.

முப்பத்தொன்றில் குரல் நின்றது.

"இது ஒல்லியா இருக்கு."

பேராசிரியையின் பென்சிலும் நின்றது. பக்கத்துக் கணினித் திரையில் அதே கரு பெரிதாகத் தெரிந்தது. ஈயக்கா ஒரே ஒரு முறை பார்த்தாள்.

"ஒருக்களிச்சுப் படுத்திருக்கு சார். புரட்டி விட்டுப் பாருங்க."

அவர் மெல்லிய மயிரிழைத் தூரிகையால் கருவைப் புரட்டினார். பட்டை திரை முழுக்க விரிந்தது. அகலம்.

நாற்பதுக்கு நாற்பது.

அதோடு விட்டாரா மனிதர்? ஸ்டாப்வாட்ச்சை அழுத்திவிட்டு அரைமணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலில் ஓரத்துப் பச்சை மங்கியது. தள்ளியிருந்த செல்களின் காது ஒவ்வொன்றாக அடைபட்டது. கருக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் பட்டையை இழுத்துச் சுருக்கிக்கொண்டன. சொன்ன நேரத்துக்கு, நாற்பதும்.

அவர் கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்ச்சைக் கழற்றி மேசையில் வைத்தார். "நாலு மாசம் அம்மா. நாலு மாசமா நான் அந்த முதல் தட்டைப் பத்திரமா எடுத்து வச்சிட்டிருந்தேன்."

"வீசக் கத்துக்கணும் சார்" என்றாள் ஈயக்கா. அவர் சிரித்துவிட்டார்.

பேராசிரியை கணினியை இழுத்துக்கொண்டார். கட்டுரைக்கு ஒரு திருத்தம் போக வேண்டும். "சொல்லுங்க, நீங்க சொல்றபடியே எழுதுறேன்."

"முதல் ரெண்டு தட்டையும் வீசிடணும். மூணாவதுல இருந்துதான் கணக்கு. அவ்வளவுதான் மேடம்."

"அவ்வளவு இல்லை. இதைச் சொன்னவங்க பேரும் கட்டுரை எழுதினவங்க பட்டியல்ல ஏறணும். முழுப் பேர் சொல்லுங்க."

"ஏறணும்" என்றார் ஸ்டாப்வாட்ச், யாரும் கேட்காமலே.

ஈயக்கா அப்பா பெயரின் முதல் எழுத்தோடு தன் முழுப் பெயரைச் சொன்னாள். பேராசிரியை தட்டியதும் குனிந்து பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தச் சொன்னாள். திருத்தியபின் இன்னொரு முறை படித்துப் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே கொழுந்தன் ஆரம்பித்தான். "வாங்க அண்ணி. இன்னிக்கு எத்தனை ஈ ஓட்டினீங்க?"

"ஈயை யாரு தம்பி ஓட்டுறா? நாங்க அதுக்கு மணி பார்த்துச் சொல்றவங்க" என்றவள், கைப்பையிலிருந்து அந்தத் திருத்தத்தை அச்செடுத்த தாளை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். "கடைசிப் பேரைச் சத்தமாப் படிங்க. உங்க அண்ணன் உள்ளே இருக்காரு, அவருக்கும் கேக்கணும்."