ஜெபம் முடியும் வரை

அமெரிக்காவின் தெற்கே பெக்கெட் கவுண்டி என்ற மாவட்டத்தை ஆளும் ஆணையர்கள் ஐந்து பேர். ஐவரும் வெள்ளையர்கள். ஐவரும் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரே பெரிய சபைக்குப் போகிறவர்கள். அந்த ஐவருக்கும் மில் ரோட்டிலுள்ள ஷைலோ க்ரோவ் சபையின் சாய்தளத்தின் மேல் திடீரென்று அக்கறை பிறந்துவிட்டது. சக்கர நாற்காலி ஏற முடியாதபடி அது செங்குத்தாக இருக்கிறதாம். ஆகவே, நாற்பத்தோரு வருடங்களாக அந்தக் கறுப்பர் சபையின் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்துவந்த வாக்குச்சாவடியை, ஒன்பது மைல் தள்ளித் தங்கள் சபைக் கூடத்துக்கே மாற்றிவிடலாம் என்று தீர்மானம் எழுதி வைத்திருந்தார்கள். அந்த வழியில் பஸ் கிடையாது. மில் ரோட்டில் பாதி வீடுகளில் கார் கிடையாது. இதெல்லாம் ஆணையர்களுக்குத் தெரியாது என்று நம்புகிறவர்கள் தாராளமாக நம்பிக்கொள்ளலாம்.

வெர்னிஸ் டில்லர்ட் நம்பவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவள் அவள். சும்மா விடுகிற ஜாதி இல்லை. கூடப் படித்த ஹூபர்ட் பைனை அழைத்துக்கொண்டு போய் சாய்தளத்தை நாடா வைத்து அளந்தாள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது சட்டம். பன்னிரண்டரை இருந்தது. படம் எடுத்து, கணக்கை எழுதி, ஆணையர் கூட்டத்தில் பேசுவதற்குத் தயாரானாள். பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். தலைவர் கூட்டத்தைத் தொடங்கச் சுத்தியலைத் தட்டுவதற்கு முன்னால், மேடைக்குக் கீழே மேசையில் இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட வேண்டும். தட்டிய பிறகு தாளை எடுத்துவிடுவார்கள். வெர்னிஸ் அடுப்படியில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசிப் பழகினாள். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடியில் முடித்துவிடுவாள்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு, பாஸ்டர் ஸ்பைவி பிரசங்க மேடையிலிருந்து ஒரு செய்தி சொன்னார். ஆணையர்களின் தலைவர் வேட் லாசிட்டரே தொலைபேசியில் கூப்பிட்டாராம். செவ்வாய்க்கிழமை கூட்டத்தின் ஆரம்ப ஜெபத்தை அவர்தான் செய்ய வேண்டுமாம்.

"இத்தன வருஷத்துல நம்ம ஆளு ஒருத்தரையும் அவங்க கூப்பிட்டதில்ல. கர்த்தர் கல்லு மனசையும் கரைக்கிறவரு!" என்றார் பாஸ்டர்.

சபை எழுந்து நின்று கை தட்டியது. வெர்னிஸும் தட்டினாள். ஹூபர்ட் மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்தபடியே சொன்னான், "லாசிட்டரு சிரிச்சா நான் மொதல்ல பர்ஸத் தொட்டுப் பாத்துக்குவேன்."

செவ்வாய்க்கிழமை சபை பஸ்ஸில் இருபத்தாறு பேர் கிளம்பினார்கள். பாஸ்டர் தன் காரில் முன்னாலேயே போய்விட்டார். கூட்டம் நடக்கும் கோர்ட் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. எல்லா இடத்திலும் ஆரஞ்சு நிறக் கூம்புகள். இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, எண்பத்து நான்கு வயது ஐனெஸ் அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிவந்து படியேற்றினார்கள். கூட்ட அறையின் கதவை அடைந்தபோது கூட்டம் தொடங்கும் ஆறு மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. அதற்குள்ளாகவே பாஸ்டரின் குரல் கணீரென்று கேட்டது. ஜெபம் தொடங்கிவிட்டிருந்தது.

ஹூபர்ட் கதவைத் தள்ளினான். அவனுக்கு முன்னால் ஒரு கை வந்து நின்றது. வெர்னிஸின் கை.

ஷைலோ க்ரோவில் ஜெப நேரத்தில் யாரும் நடமாடக் கூடாது. தாமதமாக வருகிறவர் யாராக இருந்தாலும் ஆமென் சொல்லும் வரை வாசலில்தான் நிற்க வேண்டும். அப்படி நிறுத்தி வைப்பது வாசல் ஊழியக்காரர்களின் வேலை. அவர்களுக்கு இருபத்தொன்பது வருடமாகத் தலைவி வெர்னிஸ். ஒருமுறை கல்யாணப் பெண்ணையே நிறுத்தி வைத்தவள். இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. வலது கை நெஞ்சுக்கு நேராக எழுந்தது. அவள் யோசித்துச் செய்யவில்லை.

"அந்தா பாரு தாளு. இருபதடிகூட இல்ல. எழுதிட்டு வந்துடறேன்," என்று கிசுகிசுத்தான் ஹூபர்ட்.

"ஜெபம் நடக்குது ஹூபர்ட்."

"இது கோர்ட்டும்மா, சபையில்ல."

"எங்க நடந்தாலும் ஜெபம் ஜெபந்தான். நிக்கிறது நம்ம பாஸ்டரு. அவரு ஜெபிக்கிறப்ப நம்மாளுங்களே குறுக்க நடந்தா இவங்க என்ன நெனப்பாங்க? ஒழுக்கங்கெட்ட கூட்டம்னுதான் நெனப்பாங்க. பேசாம நில்லு."

இருபத்தாறு பேரும் நின்றார்கள். தலை குனிந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, முணுமுணுப்பாக ஆமென் சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

பாஸ்டர் நன்றாக ஜெபித்தார். காலையில் கண் விழிக்க வைத்ததற்கு ஸ்தோத்திரம். புத்தி தெளிவாக எழுப்பினதற்கு ஸ்தோத்திரம். பிறகு ஆணையர்களைப் பெயர் பெயராகச் சொல்லி, மனைவி பிள்ளைகளை ஆசீர்வதித்து, மழை, பயிர், ஷெரீப், தீயணைப்பு வண்டி, பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணி என்று ஒன்றையும் விடவில்லை. நடுவில் ஒரு வெள்ளைக்காரர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் எழுந்து போய்க் காப்பி ஊற்றிக்கொண்டு வந்தார். கதவிடுக்கு வழியாகப் பார்த்த வெர்னிஸ் முகம் சுளித்தாள். நல்ல வளர்ப்பு இல்லை என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஆள் மேசையருகே குனிந்து தாளில் எதையோ எழுதியதையும் அவள் பார்த்தாள். பார்த்தும் கையை இறக்கவில்லை. என்ன சொல்லி அவளைத் திட்டுவது?

பதினொரு நிமிடம் கழித்து ஆமென் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே சுத்தியல் விழுந்தது.

வெர்னிஸ் ஓடினாள். அறுபத்தொரு வயதில் ஓடினாள். அதற்குள் எழுத்தர் பெண் தாளை எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டிருந்தாள்.

"லிஸ்ட் முடிஞ்சுதுங்க. சுத்தியலுக்கு முன்னாடி எழுதணும்," என்றாள்.

"நாங்க வாசல்லதான் நின்னோம். ஆறுக்கு முன்னாடியே வந்துட்டோம்."

"உள்ள வந்திருக்கலாமே? கதவு தொறந்துதான் இருந்துச்சு."

தாளில் ஒரே ஒரு பெயர் இருந்தது. காப்பிக்காரர் எழுந்து, புதிய இடத்தில் வண்டி நிறுத்த நிறைய வசதி உண்டு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எதிர்த்துப் பேச யாரும் பெயர் கொடுக்கவில்லை என்று குறிப்பில் எழுதச் சொன்னார் லாசிட்டர். ஐந்து கைகள் எழுந்தன. சாய்தளத்தின் படங்கள் வெர்னிஸின் கைப்பையைவிட்டு வெளியே வரவேயில்லை.

நடைபாதையில் பாஸ்டரைப் பிடித்தாள். அவர் முகம் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது.

"ஏன் பாஸ்டர் மணியாகறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சீங்க?"

"லாசிட்டர்தான் சொன்னாரு சிஸ்டர். சீக்கிரமே ஆரம்பிங்க, அவசரமில்ல, நிதானமா பண்ணுங்க, எங்க ஆளுங்க இந்த மாதிரி ஜெபத்தக் கேட்டதே இல்லன்னாரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசமும் வரச் சொல்லியிருக்காரு."

"நம்ம சாவடி போயிடுச்சு பாஸ்டர்."

"கேட்டேன், கேட்டேன். மனசுக்கு வருத்தந்தான். ஆனா இன்னிக்கித்தான் உள்ள காலு வச்சிருக்கோம். ஒரே நாள்ல எல்லாம் கெடச்சிடுமா?"

அவரை ஒரு அறை அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அதைவிடத் தன்னை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் லாசிட்டர் வந்து அவள் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். தீவனக் கடைக்காரர், கைகள் மெத்தென்றிருந்தன.

"வெர்னிஸம்மா, வாசல்ல உங்களப் பாத்துட்டுத்தான் இருந்தேன். அத்தன பேர ஒரு கையாலயே நிறுத்தி வச்சீங்களே! எங்க சபையில இந்த மரியாதை எங்க இருக்கு? நவம்பர் தேர்தலப்ப எங்க கூடத்து வாசல்ல வரிசையப் பாத்துக்க ஒரு ஆளு வேணும். நீங்கதான் வரணும்."

நெஞ்சு கொதித்தது. வாய் வேறெதையோ சொன்னது. லாசிட்டர் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். ஹூபர்ட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னான், "ஏறு சிஸ்டர். இங்க இப்ப யாரும் ஜெபம் பண்ணல."

ஐனெஸ் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். 'கறுப்பி, பட்டியலில் உனக்குப் பேரில்லை' என்று இளவயதில் அதே கோர்ட் கட்டடத்தில் மூன்று முறை விரட்டப்பட்டு, நான்காம் முறை வாக்காளர் பட்டியலில் பெயரை எழுத வைத்துவிட்டு வந்தவள் அவள். வண்டி கிளம்பியதும் கேட்டாள்:

"லாசிட்டரு கையப் புடிச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் என்ன சொன்னான்?"

"வேல குடுக்கறானாம்."

"என்ன வேல?"

"அவங்க சபை வாசல்ல நிக்கிற வேல. ஓட்டுப் போட வர்ற நம்மாளுங்கள வரிசையில நிறுத்தணுமாம்."

ஐனெஸ் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"நீ என்ன சொன்னே?"

வெர்னிஸ் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி சார்னு சொன்னேன்."