ஜெரால்டுக்கு லீவு

சாப்பாட்டு நேரத்தில் எபினேசர் போனை டிபன் பாக்ஸ் மேல் சாய்த்து வைத்தால் உலைக்கூடத்து ஆட்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். குண்டுவீச்சு விமானங்களின் விளையாட்டு. எந்த விமானம், எந்த ஊர், யார் ஓட்டுவது என்று தீர்மானித்துப் பட்டனை அழுத்த வேண்டும். போனவர்களில் யார் திரும்பினார்கள் என்று அது பிறகு சொல்லும். விமானிகளுக்குத் தன் ஆட்களின் பெயர்களையே வைத்திருந்தார். அங்கேயும் அவர்தான் சூப்பர்வைசர்.

"இன்னாண்ணா, என்னிய மறுபடியும் கொன்னுட்டியா?" என்பான் சரவணகுமார்.

"ஜெரால்டப் பாரு. எங்க அனுப்புனாலும் முழுசா வந்துர்றான்."

"அவன் உனக்கு செல்லம். சாவறதுக்கு நாங்க."

ஜெரால்ட் வாயில் சோற்றோடு சிரிப்பான். "முப்பது தபா போய் வந்துட்டா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு மேரி கைல சொல்லிட்டேண்ணா. அது எண்ணிக்கினு கீது."

முப்பதாவது தடவைக்கு, அவனுடைய கடைசித் தடவைக்கு, எபினேசர் அவன் பெயரைப் போட்டுவைத்தார். பட்டனை அழுத்துவதற்குள் மணி அடித்துவிட்டது.

மறுநாள் ஈரம் காயாத பழைய இரும்புத் துண்டு ஒன்று உருக்கு உலைக்குள் விழுந்து வெடித்தது. முன்னால் நின்றவன் ஜெரால்ட். அடுத்த நாளே அந்த இடத்தில் வேறு ஆள் நின்றான். எபினேசர் அதன்பின் விளையாட்டைத் திறக்கவில்லை.

ஜெரால்டின் லாக்கரில் இருந்ததை எடுத்துப்போக அவன் மனைவி மேரி ஒரு மதியம் வந்தாள். ஒரு சட்டை, ஒரு சீப்பு, செருப்பு. பையில் வைத்துக்கொண்டவள் போகாமல் நின்றாள்.

"அண்ணா, அந்த கேம்ல அவரு கீறாரா?"

திறந்து காட்டினார்.

"இன்னும் எத்தினி தபா?"

"ஒண்ணு."

"போனா வந்துருவாரா?"

"சொல்ல முடியாதும்மா."

"போவாமலே ஊட்டுக்கு அனுப்ப முடியாதா?"

"அதுக்கு வழியில்ல."

மேரி பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு லீவு கேட்டாரு இல்ல? புள்ளைக்கு ஜொரம்னு."

எபினேசர் தலையை ஆட்டினார். ஆள் இல்லை, இன்றைக்கு மட்டும் வந்துவிடு என்று சொன்னவர் அவர்தான்.

"இதுலயாச்சும் குடுண்ணா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அவள் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெரால்டின் பெயரை எடுத்து, ஓய்வில் இருப்பவர்கள் பக்கம் வைத்தார். விமானம் காலியாக நின்றது. ஆள் போடாமல் பட்டன் வேலை செய்யாது.

மற்ற பெயர்களைப் பார்த்தார். சரவணகுமார். சுப்பராயன். அன்புராஜ். மூவரும் எதிரில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை நாளில் தன் பெயரை அதில் ஒருமுறைகூடப் போட்டதில்லை. இப்போது போட்டார்.

மணி அடித்தது. பட்டனை அழுத்தி, போனைப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு உலைப் பக்கம் நடந்தார்.