ஆட்டுக்குட்டி சொன்ன கருத்து

எங்கள் தீவு ஊரான தஞ்சோங் பினாங்கில் யாரும் சும்மா பேசிவிட்டு உட்கார்வதில்லை. குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று விளக்க வந்த அதிகாரிகூடக் கடைசியில் ஒரு பந்துன் சொல்லித்தான் மேடையை விட்டு இறங்குவார். நாலே வரிப் பாட்டு அது. முதல் இரண்டில் மீனோ மாங்காயோ வரும், அடுத்த இரண்டில் சொல்ல வந்த விஷயம் வரும். ஒவ்வொரு வரி முடிவிலும் கூட்டம் "சக்கெப்!" என்று கத்த வேண்டும், பலே என்று அர்த்தம். கத்தாவிட்டால் பேசியவர் மனம் நொந்துபோவார், குப்பை வண்டி இன்னும் கொஞ்ச நாள் வராது.

இப்படிப்பட்ட ஊரில், எங்கள் பள்ளியின் இரண்டாம் வகுப்பில், 'வாசிப்பு மூலை' என்ற பலகைக்குக் கீழே பூனை குட்டி போட்டிருந்தது. அந்தப் பக்கம் மனித நடமாட்டம் கிடையாது என்று அது விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

வகுப்பாசிரியை இபு ரொஸ்னிடாவுக்கு இது ஆறாத மனக்குறை. (எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்களை 'இபு' என்றும் ஆண்களைப் 'பாக்' என்றும் சொல்வோம்.) இந்த வருஷம் கல்வி அலுவலகம் அவர் வகுப்புக்கு ஒரே ஒரு கவிதைப் புத்தகம், பிள்ளைக்கு ஒரு பிரதி வீதம், வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தது. எந்தப் புத்தகம் என்பதைப் பள்ளியே முடிவு செய்யலாம். மறுபடி இந்த யோகம் அடிப்பதற்குள் இந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள்.

"ஒரே சான்ஸ், பாக் ஜுனைதி," என்றார் என்னிடம். "தப்பான புத்தகம் வந்துச்சுன்னா, கவிதைன்னா காய்ச்சல் மருந்துன்னு இதுங்க மனசுல பதிஞ்சுடும். அப்புறம் தேன் தடவிக் குடுத்தாலும் தொடாது. கமிட்டில நீங்க என் பக்கம் நிக்கணும்."

நான் நான்காம் வகுப்பு ஆசிரியன். யார் பக்கமும் நிற்காமலேயே இத்தனை வருஷம் உத்தியோகம் பார்ப்பவன். இருந்தாலும் தலையை ஆட்டி வைத்தேன்.

தேர்வுக் குழு கூடியது. கூடியது என்றால், சிற்றுண்டிப் பெட்டிகள் வரும்வரை மூன்று பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்டி வராமல் இந்த நாட்டில் எந்தக் கூட்டமும் தொடங்கியதில்லை. பெட்டி வந்தது. ஆளுக்கொரு இலையில் சுட்ட மீன் பண்டத்தைத் தின்றுவிட்டுத் தலைமையாசிரியை இபு யுஸ்மானியார் புத்தகங்களைக் கையில் எடுத்தார்.

முதல் புத்தகத்தில் நல்லொழுக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதை. 'நேரம் தவறாமை' என்று ஒன்று இருந்ததைப் பார்த்ததும் தலைமையாசிரியை அதை மறுபேச்சில்லாமல் ஒதுக்கினார். அவர் காலையில் வந்து சேரும் நேரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இரண்டாவது, இபு ரொஸ்னிடா கொண்டுவந்த ஒல்லிப் புத்தகம். அதில் ஓர் ஆட்டுக்குட்டி பக்கத்துக்குப் பக்கம் எதையாவது தின்றுகொண்டிருந்தது. தலைமையாசிரியை நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"தலைவர் பேச எழுந்தாராம்,
தொண்டை செருமி நின்றாராம்;
மேடைக் கடியில் ஆட்டுக்குட்டி
தன்கருத்தை முந்திச் சொன்னதாம்."

நிமிர்ந்தார். "ஆட்டுக்கு என்ன கருத்து?"

"பக்கத்தத் திருப்புங்க இபு."

திருப்பினார். அந்தப் பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்தில் 'புர்ர்ர்' என்று மட்டும் இருந்தது. ஆட்டின் பின்பக்கத்தைப் படம் வேறு போட்டிருந்தார்கள்.

தலைமையாசிரியை தண்ணீர் குடித்தார். "இது அரசாங்கப் பள்ளிக்கூடம்."

"ஆடு அரசாங்க ஆடு இல்லையே இபு."

"ரொஸ்னிடா!"

மூன்றாவது புத்தகம் 'கடலின் மனசாட்சி'. எழுதியவர் பாக் ஹஸ்னான். கல்வி அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். அட்டையில் அவரே மோவாயைக் கையில் ஏந்தியபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரே கவிதை, நாற்பது பக்கம். அடிக்குறிப்புகள் தனி.

"இவரு நம்ம ஊர்லயே இருக்காரு," என்றார் தலைமையாசிரியை. "இவர விட்டுட்டு ஆட்டைத் தேர்ந்தெடுத்தோம்னா நான் எந்த முகத்தோட கல்யாண வீட்டுக்குப் போறது? எல்லாக் கல்யாணத்துலயும் முன் வரிசையில உட்கார்ந்திருப்பாரு."

இபு ரொஸ்னிடா என்னைப் பார்த்தார். நான் பெட்டியில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன்.

"அப்போ அவரையே கூப்பிடுவோம் இபு," என்றார் ரொஸ்னிடா. "அவரு புத்தகத்த அவரே படிக்கட்டும். ஆட்டை நான் படிக்கிறேன். புள்ளைங்க எதை 'இன்னொரு தடவை'ன்னு கேக்குதோ, அதையே வாங்கிடலாம்."

கவிஞர் வருகை என்றால் வாசலில் துணிப்பதாகை கட்டலாம், அதில் தன் படத்தையும் போடலாம் என்பதால் தலைமையாசிரியை சம்மதித்தார். அச்சாகி வந்தபோது அவர் படம் கவிஞர் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

இதில் யாரும் யோசிக்காத சங்கதி ஒன்று உண்டு. கவிஞர் வருவதற்கு முந்தின வாரம் வட்டாரத் தலைவர் வருவதாக இருந்தது. தலைமையாசிரியை தானே இரண்டாம் வகுப்புக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தார். "கறுப்புத் தொப்பி, பாத்திக் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தரு தாளோட முன்னாடி நிப்பாரு. ஒரு வரி சொல்லி நிறுத்துவாரு. உடனே எல்லாரும் கத்தணும். எங்க, கத்துங்க!" இரண்டு கையையும் மேலும் கீழும் ஆட்டி, இன்னும் சத்தம், இன்னும் சத்தம் என்று ஏற்றினார். சுவருக்கு இந்தப் பக்கம் என் வகுப்பில் சுண்ணாம்பு உதிர்ந்தது. வட்டாரத் தலைவரோ வரவேயில்லை. பயின்ற சக்கெப்கள் அத்தனையும் செலவாகாமல் பிள்ளைகள் வயிற்றிலேயே தங்கிவிட்டன.

பாக் ஹஸ்னான் கறுப்புத் தொப்பியும் பாத்திக் சட்டையுமாக வந்தார். தாளை விரித்தார். கண்ணை மூடினார். காற்றில் கையை உயர்த்தினார்.

"ஓ கடலே!"

"சக்கெப்!"

கவிஞர் கண்ணைத் திறந்தார். எதிரே முகங்கள் பளபளத்தன. தலைமையாசிரியை பதறி, அடங்குங்கள் என்று இரண்டு கையையும் ஆட்டினார். பயிற்சியில் இன்னும் சத்தம் என்பதற்கும் அவர் இதே கையைத்தான் ஆட்டியிருந்தார்.

"உன் காயங்களை யார் எண்ணுவார்?"

"சக்கெஎஎப்!"

"நானொரு தனிமையின் துடுப்பு..."

"சக்கெப்!"

"துருவேறிய நங்கூரம் என் நெஞ்சு!"

"சக்கெப்!" என்று கூரை அதிரக் கத்திவிட்டுப் பிள்ளைகள் கைதட்டி எழுந்தார்கள். நாலு வரி ஆயிற்று, வீட்டுக்குப் போகலாம் என்று கணக்கு.

கவிஞர் ஐந்தாவது வரியைத் தொடங்கினார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் பெஞ்சில் ஸகியா என்ற சிறுமி கையைத் தூக்கினாள்.

"பாக், நாலு வரி முடிஞ்சு போச்சே?"

"இது நீளமான கவிதைம்மா."

"எவ்ளோ நீளம்?"

"நாற்பது பக்கம்."

ஸகியா யோசித்தாள். "அப்போ நான் போய் ஒண்ணுக்கு இருந்துட்டு வந்துடவா?"

பின்னால் ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. சிலர் பதிலுக்குக் காத்திராமல் வெளியே நழுவினார்கள்.

தலைமையாசிரியையின் முகம் அவித்த நண்டு நிறத்துக்கு வந்தது. பாக் ஹஸ்னான் தாளை மடித்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"கவிதைன்னா எப்படி இருக்கணும்ங்கிற நீ?" என்று கேட்டார்.

"மீன் வரணும்," என்றாள் ஸகியா. "கடைசில சிரிப்பு வரணும்."

பாக் ஹஸ்னான் கூரையைப் பார்த்தார். இளவயதில் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டுக்காகப் பந்துன் சொல்லி, பெண் வீட்டுக்காரர்களை வாயடைக்க வைத்தவர் அவர். ஊரெல்லாம் வாடகைக்கு அழைக்கும். கல்வி அலுவலகத்தில் பதவி உயர உயரத்தான் மனிதர் சோகமாகிப் போனார். இப்போது தொண்டையைச் செருமினார்.

"சந்தையில வாங்கினேன் கெளுத்தி மீனு..."

"சக்கெப்!"

"சட்டிக்குள்ள போட்டாலும் வாலு ஆடுது..."

"சக்கெப்!"

"நாற்பது பக்கம் எழுதினேன் நானு..."

"சக்கெப்!"

"கேக்குற புள்ளைக்குக் கண்ணு மூடுது!"

வகுப்பு வெடித்தது. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று பெஞ்சைத் தட்டினார்கள்.

"பார்த்தீங்களா ரொஸ்னிடா!" என்று தலைமையாசிரியை துள்ளினார். "புள்ளைங்க வாயாலயே கேட்டாச்சு. கடலின் மனசாட்சி! முடிஞ்சுது!"

இபு ரொஸ்னிடா தான் போட்ட நிபந்தனையிலேயே மாட்டிக்கொண்டார். நாற்பது பக்கம், பிள்ளைக்கு ஒரு பிரதி. ஒரு கணம் ஆட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பிறகு நேராகப் போய் அதைக் கவிஞர் கையில் கொடுத்தார்.

"பாக், இதையும் நீங்களே படிச்சுடுங்களேன். எனக்கு அந்தக் குரல் இல்ல."

குரலைப் பாராட்டினால் எந்தக் கவிஞர் மறுப்பார்? படித்தார். ஆடு அக்காவின் பாவாடையைத் தின்றது. அப்பாவின் செருப்பைத் தின்றது. தலைவர் பேச எழுந்தார். தன்கருத்தை முந்திச் சொன்னதாம் என்ற இடத்தில் பாக் ஹஸ்னான் நிறுத்தினார். பக்கத்தைத் திருப்பினார். பார்த்தார். மேடையில் பழகிய மனிதர் அல்லவா, அவசரப்படவில்லை. இரண்டு கன்னத்தையும் உப்பவைத்து, அந்தக் கருத்தைத் தன் வாயாலேயே வெளியிட்டார்.

பதவியில் இருந்தபோது அவர் ஆற்றிய எந்த உரையும் இவ்வளவு தெளிவாகப் போய்ச் சேர்ந்ததில்லை. இரண்டு பேர் பெஞ்சிலிருந்து விழுந்தார்கள். ஒண்ணுக்குப் போனவர்கள் ஓடிவந்து, எங்களுக்கு, எங்களுக்கு என்றார்கள். அவர் மறுபடி படித்தார். மறுபடி கேட்டார்கள். எத்தனை முறை என்று எனக்கு நினைவில்லை. கடைசியில் அவர் கன்னம்தான் வலித்தது.

"இபு, இதையே வாங்குங்க," என்றார் மூச்சு வாங்கியபடி.

"பாக், உங்க புத்தகம்..." என்று தலைமையாசிரியை இழுத்தார்.

"அதுல மீனே இல்லைங்க," என்றார் கவிஞர். அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. "கடலப் பத்தி நாற்பது பக்கம். ஒரு நெத்திலிகூட இல்ல."

இபு ரொஸ்னிடா என் கையைப் பிடித்துக் குலுக்கினார், நான்தான் ஏதோ செய்ததுபோல.

தலைமையாசிரியை சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. அந்தப் புர்ர்ர் பக்கத்தை ஒவ்வொரு பிரதியிலும் பசை போட்டு ஒட்டிவிட வேண்டும்.

"நானே ஒட்டிடுறேன் இபு," என்றார் ரொஸ்னிடா, அவ்வளவு பணிவாக. வீட்டில் காய்ச்சிக் கொண்டுவந்த அரிசிப் பசையை நானும் எட்டிப் பார்த்தேன். அதை ஒரு டம்ளரில் ஊற்றினால் குடித்துவிடலாம். ஆனாலும் பொறுப்பாக எல்லாப் பிரதியிலும் தடவினார். தலைமையாசிரியை கையால் அழுத்திப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

புத்தகத்தைக் கொடுக்கும்போது ரொஸ்னிடா பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஒட்டியிருக்கிற பக்கத்த மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. என்ன?"

அன்று சாயங்காலம் மணியடித்த பிறகும் இரண்டாம் வகுப்பு காலியாகவில்லை. வாசிப்பு மூலையில் உட்கார இடமில்லாமல் தகராறு. ஸகியா நடுவில் நின்று, பாக் ஹஸ்னானைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள்.

பூனை இந்தச் சத்தத்தைப் பொறுக்காமல் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கவிஞர் அன்பளிப்பாகக் கொடுத்த 'கடலின் மனசாட்சி' ஒரு கட்டு இருக்கிறது. அதன்மேல் நன்றாகத் தூக்கம் வருகிறதாம்.