அக்கா காரின் பெரிய வேலை

ஊரார் கார் எல்லாம் மெக்கானிக் கை பட்டால் ஒழுங்காக ஓடும். சொந்த அக்காவின் கார் மட்டும் அவன் கண்ணில் படவே படாது. அக்கா தையல்காரி. அப்பா விட்டுப்போன அந்தப் பழைய காரில்தான் தைத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு மழைநாளில் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியதிலிருந்து ஸ்டியரிங் தண்டு கதவுப் பக்கமாகச் சாய்ந்துகொண்டது. சாய்ந்தால்கூடப் பரவாயில்லை, இறுகியும் போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் தோளைக் கொடுத்து இழுக்க வேண்டும்.

“தம்பி, அதைக் கொஞ்சம் பாரேன்டா” என்பாள்.

“அது சின்ன வேலை இல்லக்கா. டேஷ்போர்டு முழுக்கக் கழட்டணும். ஆற அமரப் பண்ணலாம்.”

ஆறவும் இல்லை, அமரவும் இல்லை, வருஷங்கள் போய்விட்டன. ஏமாற்ற வேண்டும் என்று சொன்னதல்ல. வண்டிக்கு அடியில் ஒரு தடவைகூடப் படுத்துப் பார்க்காமல் வாய்க்கு வந்ததைச் சொன்னது. சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான். வாசலில் வாடிக்கை வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது அக்கா வண்டிக்கு என்ன அவசரம்? அக்கா எங்கே ஓடிவிடப் போகிறாள்?

அக்கா ஓடவில்லை, அவள் தோள்தான் ஓய்ந்துபோனது. வலது கையைத் தூக்க முடியவில்லை. கத்தரிக்கோல் பிடிப்பதற்கே பல்லைக் கடித்துக்கொண்டாள். இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் காரை விலை பேசினாள். வாங்க வந்த பல் டாக்டர் பழைய கார்ப் பைத்தியம். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஸ்டியரிங்கை நேராக்கிக் கொடுக்க வேண்டும்.

மறுநாள் காலையிலேயே கார் பட்டறைக்குள் வந்துவிட்டது. அக்கா கேட்டு அசையாதவன், முன்பின் தெரியாதவர் கேட்டதும் ஸ்பேனரைத் தூக்கினான். அது அவனுக்கே உறைக்காமல் இல்லை.

அடியில் படுத்து, ஸ்டியரிங் பாக்ஸைச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டுகளைத் தளர்த்தினான். பிறகு உள்ளே வந்து, டேஷ்போர்டுக்குக் கீழே தண்டைத் தாங்கும் பட்டையையும் தளர்த்தினான். அவ்வளவுதான். தண்டு டக்கென்று தானாகவே தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. கீழே முதலில், மேலே பிறகு என்று முறையாக இறுக்கிவிட்டு ஒற்றை விரலால் சுற்றிப் பார்த்தான். வெண்ணெயாகச் சுழன்றது. பெஞ்சில் வைத்திருந்த டீ முழுதாக ஆறக்கூட இல்லை.

பெரிய வேலை, பெரிய வேலை என்று இத்தனை காலம் சொன்னது இதைத்தானா? அக்காவின் தோள் போனது இந்த நாலைந்து போல்ட்டுக்காகவா? காருக்குள் கிடக்கும் தன் சாமான்களை எடுத்துக்கொள்ள மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தாள். வந்து, “அதுக்குள்ள ஆயிடுச்சா?” என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

அப்போது அவன் செய்ததை உலகத்தில் வேறு எந்த மெக்கானிக்கும் செய்திருக்க மாட்டான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டேஷ்போர்டைக் கழற்ற ஆரம்பித்தான். ஸ்பீடோமீட்டர், ஸ்விட்ச்சுகள், ஒயர்க் கொத்து என்று ஒவ்வொன்றாகச் சாக்கின் மேல் பரப்பினான். பாவம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. சட்டையில் கிரீஸ் போதாது என்று தோன்றியது, கொஞ்சம் பூசிக்கொண்டான். நாடகத்துக்கு வேஷம் கட்டுகிறவன்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

அக்கா வந்தாள். சாக்கைப் பார்த்தாள், டேஷ்போர்டு இருந்த இடத்து ஓட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“ஐயோ, இவ்வளவையும் கழட்டினியா?”

“அப்பவே சொன்னேன்ல.”

அவள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து இடது கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். “எவ்வளவு லேசா இருக்குடா!” என்று முகம் மலர்ந்தாள். பழக்கதோஷத்தில் வலது கையும் எழுந்து, பாதியில் நின்றது. அதை மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள்.

“உன்னை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? அடுத்தவங்க வண்டின்னா ஓடுவான், அக்கான்னா இளக்காரம்னு உன் பொண்டாட்டிகிட்டயே சொல்லிப் புலம்பியிருக்கேன். இதுல இவ்வளவு வேலை இருக்கும்னு எனக்கென்னடா தெரியும்? மனசுல வச்சுக்காதடா.”

இப்போதாவது சொல்லிவிட வேண்டும். சொன்னால் திட்டுவாள், அழுவாள், இனிமேல் மூஞ்சியில் முழிக்காதே என்பாள். அத்தனையும் அவனுக்குச் சேர வேண்டியதுதான். உண்மை நாக்கு நுனிவரை வந்தது.

“பரவாயில்லக்கா” என்றான்.

சொன்ன மாத்திரத்தில் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. யார் காலில் விழ வேண்டுமோ அவளையே மன்னிப்புக் கேட்க வைத்து, அதையும் பெரிய மனுஷன் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலம் பல் டாக்டர் வந்துவிடுவார். அதற்குள் கழற்றியதை எல்லாம் பூட்டியாக வேண்டும். அது நிஜமாகவே பெரிய வேலை. ஓட்டைக்குள் கும்மிருட்டு. “நீ வேலையைப் பாரு, நான் வெளிச்சம் காட்டறேன்” என்று அக்கா பக்கத்து சீட்டுக்கு நகர்ந்து டார்ச்சை வாங்கிக்கொண்டாள். இடது கை ஓய்ந்ததும் வலது கைக்கு மாற்றிப் பிடித்தாள். வெளிச்சம் நடுங்கியது.

“கை வலிக்கும்க்கா, குடு.”

“எனக்காக நீ பட்ட பாட்டுக்கு இது என்னடா?” என்றாள்.