கரி படாத துப்பாக்கி

மூத்த மாப்பிள்ளைக்குத் துப்பாக்கியும் இளைய மாப்பிள்ளைக்கு அண்டாவும் சீர் கொடுத்த மாமனாரை என்னவென்று திட்டுவது? பட்டு வியாபாரி பரசுராமன் கல்யாணமான நாளிலிருந்து யோசித்துப் பார்த்தும் அதற்குத் தக்க வார்த்தை தமிழில் அகப்படவில்லை. தெலுங்கிலும் தேடினார். துலுக்கில்கூட விசாரித்தார். இல்லை.

அண்டா ஒன்றும் சின்ன அண்டா இல்லை. அதில் ஆரணிக் கோட்டையைக் கவிழ்த்துப் போட்டு அவித்தாலும் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். ஆனால் அண்டாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடைத்தெருவில் நடக்க முடியுமா? பெண்டாட்டியின் அக்காள் புருஷன் சுப்பராயலு நடந்தார். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை கப்பலேறும் அவசரத்தில் மாமனார் தலையில் கட்டிவிட்டுப் போன இரட்டைக்குழல் துப்பாக்கி அது. கட்டையில் வெள்ளிப் பூ வேலை. குழலைப் பார்த்து முகம் மழித்துக்கொள்ளலாம், அத்தனை பளபளப்பு.

எதிர் எதிர் வீடு வேறு. காலையில் பரசுராமன் பல் விளக்க வாசலுக்கு வந்தால், எதிரே கூடத்துச் சுவரில் பட்டுறைக்குள் அது தொங்கும். வாயிலிருக்கும் ஆலங்குச்சி வேப்பங்குச்சியாகக் கசந்துவிடும்.

அந்தத் துப்பாக்கி சுட்டதா என்றால், ஒரு கொசுவைக்கூடச் சுட்டதில்லை. வருஷத்தில் இரண்டே தடவைதான் உறையை விட்டு வெளியே வரும். ஆயுத பூஜைக்கு வந்து சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்ளும். காணும் பொங்கலன்று பார்வேட்டைக்குப் போய்வரும். பார்வேட்டை என்றால், பெருமாள் வில்லும் அம்புமாக வேட்டைக்குக் கிளம்பி ஊருக்கு வெளியே மாந்தோப்பில் இறங்குவார். ஒரு முயலைக் கொண்டுவந்து விடுவார்கள். சுப்பராயலு துப்பாக்கியைத் தூக்கி ஒற்றைக் கண்ணை மூடுவார். மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வேட்டுக்காரப் பழனி, இரும்புக் குழாயில் கெட்டித்த அதிர்வேட்டுக்கு அதே நேரம் பார்த்து நெருப்பு வைப்பான். டமார்! முயல் பிய்த்துக்கொண்டு ஓடும். “ஆகா, இன்னா சத்தம், இன்னா சத்தம்!” என்று ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சுட்டது துப்பாக்கி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். முயலுக்கே தெரியும். இருந்தும் பட்டாச்சாரியார் பெருமாள் மேலிருந்த பட்டை எடுத்து சுப்பராயலு தலையில் பரிவட்டம் கட்டுவார்.

அந்தப் பட்டு யாருடையது? வருஷாவருஷம் பரசுராமனின் தறியில் நெய்து, பரசுராமனே தட்டில் வைத்துக் கோயிலுக்குக் கொடுப்பது. தன் பட்டு எதிராளி தலையில் ஏறி உட்காருவதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வயிறு எரிகிற வாசனை படவேடு வரைக்கும் அடிக்கும்.

“ஒரு வருஷமாவது அது என் தலையில ஏறணும், அபிதா. இல்லன்னா இந்தத் தலை இருந்து இன்னா பிரயோஜனம்?” என்றார் பெண்டாட்டியிடம்.

அபிதகுசாம்பாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஏறினா மட்டும் பிரயோஜனம் வந்துடுமா?”

அன்றைக்கே வண்டி கட்டிக்கொண்டு பட்டணம் போனார். ஏலக் கடைகளில் பட்டுச்சேலை பொறுக்குகிற மாதிரியே துப்பாக்கி பொறுக்கினார். எத்தனை தூரம் சுடும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரை எப்படி, முந்தி எப்படி, வேலைப்பாடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கியிருக்கிறதா என்றே பார்த்தார். கடைசியில் ஒன்று வாய்த்தது. அதுவும் இரட்டைக்குழல். சுப்பராயலுவினுடையதில் வெறும் பூதானே? இதில் வெள்ளியில் மான், மானைத் துரத்தும் நாய், நாயைத் துரத்தும் துரை, எல்லாம் இருந்தன. கலெக்டர் கச்சேரியில் லைசென்சும் வாங்கி ஊர் சேர்ந்தார். அதற்கென்று தறியில் தனியாகப் பாவு ஓட்டி, இரண்டு பக்கமும் சரிகைக் கரை போட்டு உறை நெய்தார். அந்த வருஷம் ஆரணியில் கல்யாணமான எந்தப் பெண்ணுக்கும் அப்பேர்ப்பட்ட பட்டு கிடைக்கவில்லை.

அபிதகுசாம்பாள் பட்டுப் பெட்டிக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்தாள். பூச்சி அரிக்காமலிருக்க வசம்பு, வேப்பிலை, ஒரு துண்டு கற்பூரம் எல்லாவற்றையும் குழலுக்குள் போட்டு, வாயைக் கழிவுப் பட்டால் அடைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் எடுத்து வெயிலில் காட்டிப் புதிதாக மாற்றினாள். இரும்பைப் பூச்சி அரிக்காது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பரசுராமனுக்கே சந்தேகம்தான்.

இப்போது எதிர் வீட்டுக் கூடத்துக்கு எதிர்க் கூடத்திலும் ஒரு துப்பாக்கி. ஆனால் பரிவட்டத்துக்குத் தலை ஒன்றுதானே? தைக்கு முன்னால் கோயில் தர்மகர்த்தா இராஜமாணிக்கம் இருவரையும் கூப்பிட்டனுப்பினார்.

“மூத்தவரு இருக்க எளையவரு எப்படிப்பா முன்னால நிக்கிறது?” என்றார் தர்மகர்த்தா.

பரசுராமனுக்கு நாக்கு நெஞ்சைவிட வேகம். “பெருமாள் வேட்டைக்கு வராரா, வேடிக்கைக்கு வராரா? வேட்டுக்காரன் வெடிக்கிறான், அண்ணன் தலையில கட்டிக்கிறாரு. அப்போ பழனிக்கில்ல பரிவட்டம் கட்டணும்? நெசமா எந்தத் துப்பாக்கி சுடுதோ, அதுக்குக் கட்டுங்க. என்னுது சுடும்!”

தர்மகர்த்தா தாடையைச் சொறிந்தார். “பேச்சு நியாயமாத்தான் கீது. இந்த வருஷம் அதிர்வேட்டு கெடையாது. யாரு துப்பாக்கி சுடுதோ அவருக்குப் பரிவட்டம். இன்னாங்க சுப்பராயலு?”

சுப்பராயலு சிரித்தார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு பரசுராமனின் முதுகுத்தண்டில் எறும்பு மாதிரி வீடு வரைக்கும் ஊர்ந்துகொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றிக் குழலைப் பார்த்தார். அதில் தன் முகம் பளிச்சென்று தெரிந்தது. ‘இதற்குள்ளேயா நெருப்பு வைப்பது?’ உடனே உறையை மாட்டிவிட்டார்.

பட்டாளத்தில் அவில்தாராக இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு, ஜவ்வாது மலை ஓரம் காட்டுப்பன்றி சுட்டுத் திரிகிற தேவநேசனைக் கூப்பிட்டனுப்பினார். தேவநேசனின் துப்பாக்கியைப் பார்த்தால் அடுப்பூதுகிற குழல் இதைவிட லட்சணம் என்று தோன்றும். ஆனால் அதன் பெயரைச் சொன்னாலே பன்றிகள் குட்டிகளோடு தாலுகா மாறிப் போய்விடும்.

தேவநேசன் மான், நாய், துரை மூவரையும் தடவிப் பார்த்தார். “அழகாக் கீதுங்க முதலியாரே. சுட்டுப் பாத்தீங்களா?”

“ஐயையோ, சுடறதாவது! கேக்கறதுக்குத்தான் கூப்ட்டேன். சுட்டா உள்ள கரி புடிக்குமா, அவில்தாரே?”

“புடிக்கும்.”

“கொஞ்சூண்டு மருந்து போட்டா?”

“கொஞ்சூண்டு புடிக்கும்.”

“அப்புறம் தொடைச்சா போயிடுமில்ல?”

“கரி போகும். ஆனா ஒரு தரம் நெருப்புப் பட்ட குழலு, படாத குழலு மாதிரி மின்னாதுங்க. சுட்டா கரி புடிக்காத துப்பாக்கி பரலோகத்துலதான் கீது. அங்க பன்னியும் கெடையாது.” தேவநேசன் வயிறு குலுங்கச் சிரித்தார். “பெண்ணை வூட்லயே வச்சுப் பாத்துகினு இருந்தா கல்யாணம் எப்படிங்க நடக்கும்?”

“பேஜார் பண்ணாதய்யா.”

காணும் பொங்கலன்று காலையில் தேவநேசன் வந்து குழல் இரண்டையும் சுத்தமாகத் துடைத்து, மருந்து கெட்டித்து, தக்கை அடைத்துக் கொடுத்தார். பெருமாள் சன்னிதி என்பதால் ரவை போடவில்லை, வெறும் சத்தம்தான். மருந்தை இடிக்கிற கம்பி உள்ளே இறங்கியபோதெல்லாம் பரசுராமன் தன் தொண்டைக்குள் இறங்கியது போல முழித்தார். தேவநேசன் முன்னதாகவே தோப்புக்குப் போய்விட்டார். பரசுராமன் சரிகைத் தலைப்பாகை கட்ட உள்ளே போனார். பரிவட்டம் ஏறப்போகிற தலைக்கு முன்னோட்டம்!

அந்த இடைவேளையில் அபிதகுசாம்பாள் கூடத்துக்கு வந்தாள். வெயிலிலும் புழுதியிலும் போகப்போகிற சாமான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறதே! பட்டு எதுவும் அவள் வீட்டிலிருந்து அப்படி வெளியே போனதில்லை. கை நிறைய வேப்பிலை, வசம்பு, கற்பூரம். குழலில் போட்டாள். கழிவுப் பட்டால் அடைத்தாள். உறையை மாட்டினாள்.

தோப்பில் ஈ நுழைய இடமில்லை. வெம்பாக்கத்திலிருந்தெல்லாம் வண்டி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மாமரங்களில் இலையைவிட ஆள் அதிகம். பெருமாள் இறங்கினார். முயலை விட்டார்கள். ஓட வேண்டியது ஓடாமல், என்னதான் நடக்கிறதென்று பார்ப்போம் என்பது போல உட்கார்ந்துகொண்டது.

“மூத்தவரு மொதல்ல,” என்றார் தர்மகர்த்தா.

சுப்பராயலு உறையை உருவினார். வெயில் பட்டுக் குழல் மின்னியது. கூட்டம் முழுக்க ‘ஆ’வென்றது. துப்பாக்கியைத் தூக்கினார், குறிபார்த்தார், இறக்கினார்.

“நான் சுடலங்க. எங்க மாமனாரு குடுத்தது, இன்னி வரைக்கும் ஒரு பொட்டுக் கரி படல. அப்படியே என் பேரனுக்குப் போவணும். சகலை ஆசைப்படறாரு, அவரே சுடட்டும். பரிவட்டம் அவருக்கே கட்டுங்க.”

ஜனம் ‘உச்’ கொட்டியது. “இன்னா மனசு பாரேன் அவருக்கு!” என்றது ஒரு குரல்.

பரசுராமன் தன் துப்பாக்கியைப் பார்த்தார். பரிவட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதைவிடப் பெரியதை அந்த மனுஷன் வைத்துக்கொண்டானே! சுடாவிட்டால் ஊர் சிரிக்கும். சுட்டாலோ, ஆரணியில் கரி படாத துப்பாக்கி ஒன்றுதான் இருக்கும், அது எதிர் வீட்டில் இருக்கும். கூட்டத்தில் அபிதகுசாம்பாளும் அவள் அக்காள் பூங்காவனமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பூங்காவனம் தங்கையின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு போதும். பரசுராமன் துப்பாக்கியை வானத்தைப் பார்க்கத் தூக்கி, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு, இரண்டு குதிரையையும் ஒன்றாக இழுத்தார்.

அப்படி ஒரு சத்தத்தைப் பக்கத்திலிருக்கும் திருமலைக் குன்றே அதற்கு முன் கேட்டதில்லை. காக்கைகள் மூன்று நாள் கழித்துத்தான் திரும்பின. புகை மண்டலத்துக்குள்ளிருந்து வேப்பிலை பொழிந்தது. வசம்புத் துண்டுகள் பெருமாளின் குடை மேல் படபடவென்று விழுந்தன. பட்டு நூல் திரிதிரியாக மிதந்து வந்து பட்டாச்சாரியாரின் மூக்கில் உட்கார்ந்தது. எங்கும் கற்பூர வாசனை. இந்தத் துப்பாக்கிக்குள் இவ்வளவு சாமான் எப்படி வந்ததென்று தேவநேசன் வாயைப் பிளந்தார். அபிதகுசாம்பாள் மட்டும், “ஐயோ, எல்லாம் வீணாப் போச்சே!” என்றாள்.

ஒரு கிழவி இலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவ்வளவுதான். “கோவிந்தா! கோவிந்தா!” என்று தோப்பே அதிர்ந்தது. வசம்புக்கு அடிதடி. பட்டாச்சாரியார் தும்மிக்கொண்டே வந்து பரசுராமனின் தலையில் பரிவட்டத்தைக் கட்டினார்.

கட்டியாயிற்று. தன் பட்டு தன் தலையில். எத்தனை வருஷத்து ஏக்கம்! அவர் நிமிர்ந்து, மெதுவாக, எல்லோரும் பார்க்கட்டும் என்று, எதிர்ப் பக்கம் திரும்பினார்.

சுப்பராயலு பார்க்கவேயில்லை. அங்கவஸ்திரத்தின் ஓரத்தால் குழலின் மேல் விழுந்த ஒரு வேப்பிலைக் காம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஒரு கூட்டம். “ஒரு கறை உண்டா பாரு, கண்ணாடியாட்டம்!” பரசுராமனைச் சுற்றியும் ஒரு கூட்டம் வந்தது. பரிவட்டத்தை அரைக் கண்ணால் பார்த்துவிட்டு, துப்பாக்கியைக் குனிந்து பார்த்து, “அடப் பாவமே, மானு மூஞ்சியெல்லாம் கரிங்களே” என்று துக்கம் விசாரித்தது.

பரசுராமனின் வயிற்றில் பழைய அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது. முன்னைவிட நன்றாகவே எரிந்தது. ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு முகத்தைப் பாலில் தோய்த்தது போலச் சாந்தமாக்கிக்கொண்டு, பரிவட்டத்தை இரண்டு கையாலும் அவிழ்த்தார்.

“தர்மகர்த்தா ஐயா! மூத்தவரு இருக்க நான் கட்டிக்கினு நிக்கிறது மனசு ஒப்பல. இது அண்ணன் தலைக்குத்தான் பொருந்தும். அவரும் ஒரு வெடி போட்டுட்டுக் கட்டிக்கட்டும்.”

தோப்பே கை தட்டியது. “சகலைன்னா இப்படி இருக்கணும்யா!” தர்மகர்த்தாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. சுப்பராயலுவின் சிரிப்பு முதல் முறையாக மூஞ்சியை விட்டு இறங்கியது.

“எனக்கு வேணாம், சகல.”

“உங்களுக்கு இல்லாம யாருக்குங்க, அண்ணே?”

“வேணாம்ன்றேன்!”

“பெருமாள் காத்துகினு கீறாரு, ஜல்தி ஆவட்டும்,” என்றார் தர்மகர்த்தா. ஜனம் நெருங்கியது. சுப்பராயலு துப்பாக்கியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். பின்னால் மாமரம்.

தேவநேசன் மருந்துக் குடுவையைத் திறந்தார். பரசுராமன் ஓடிப்போய் சகலையின் துப்பாக்கியைப் பக்தியோடு நிமிர்த்திப் பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அதைத் தொட்டது அன்றுதான். குழல் நிஜமாகவே குளிர்ச்சியாக, அழகாக இருந்தது.

“கையைச் சுருக்காதீங்க, அவில்தாரே,” என்றார். “மூத்தவரு வெடி. இன்னும் ஒரு பிடி போடுங்க.”