சீசரின் பிள்ளைகள்

வெள்ளவத்தையில் கொக்கர் ஸ்பானியல் நாய்க்குட்டி வேண்டுமென்றால் வரதராசா வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்று பதினைந்து வருடமாகப் பேச்சு. அதைக் கேட்டுக் கேட்டே மனிதருக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

அவருடைய ஆண் நாய் சீசர் கண்காட்சிகளில் கிண்ணம் கிண்ணமாக வென்றது. அதற்கு ஒரு வயதானபோது மிருக வைத்தியர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்தே ஆறு வருடம் ஓட்டிவிட்டார் வரதராசா. விழித்திரை தேய்ந்து பார்வை போகிற பரம்பரை நோய் பிந்தித்தான் தலைகாட்டும், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் முன்கூட்டியே தெரியும் என்று அதே வைத்தியர் பிறகு சொன்னபோது, "பார்த்த கண்ணைத் திரும்ப என்னத்துக்குப் பார்க்கிறது?" என்று சிரித்தார். சிரிப்பு வந்திருக்கக் கூடாது.

போன மாதம் சீசர் வாசற்படியில் தடக்கி விழுந்தது. அதற்குப் பிறகுதான் பஞ்சால் துடைத்து அனுப்பினார். இன்று காலை முடிவு வந்தது. நோய் இருந்தது. அதன் பிள்ளைகள் இருபத்திரண்டும் அந்தக் குறையைச் சுமக்கின்றன. சுமப்பதோடு நின்றால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. சுமக்கிற இரண்டைச் சேர்த்தால்தான் பிறக்கிற குட்டிகளுக்கு ஆபத்து.

சேர்த்திருந்தார். சீசரின் முகவெட்டு மாறக்கூடாதென்று, கொட்டாஞ்சேனை ஐறீனுக்கு விற்ற சீசரின் மகளைச் சீசரின் மகன் ஒன்றோடு சேர்த்து வைத்ததே அவர்தான். ஒரே இரத்தமாயிற்றே என்று தயங்கியவளை வற்புறுத்தியும் இருந்தார்.

"ஐறீனுக்கு இப்பவே போன் எடுங்கோ," என்றாள் மனைவி அருந்ததி. "பிறகு எண்டால் நீங்கள் சொல்ல மாட்டியள்."

அவள் சொன்னது சரி. அவருக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. ஆனாலும் எண்ணை அழுத்தினார்.

"அங்கிள், நானே எடுக்க இருந்தனான்!" என்றாள் ஐறீன். "அஞ்சு குட்டி. இண்டைக்கு ஒன்பது நாள். எல்லாம் அப்பிடியே சீசர்தான். இன்னும் கண் திறக்கேல்ல, திறந்தவுடன படம் அனுப்புறன்."

அருந்ததி அசையாமல் நின்றாள். வரதராசா மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னார். வைத்தியர் சொல்லியும் தான் கேட்காததையும் சொன்னார்.

மறுமுனையில் குட்டிகளின் முனகல் கேட்டது.

"கண் திறந்தால் பார்க்குங்களோ?" என்று கேட்டாள் ஐறீன்.

"பார்க்கும். நாலைஞ்சு வருசத்துக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு நாலில ஒண்டுக்கு வரலாம். எதுக்கெண்டு சோதிச்சால்தான் தெரியும். பிள்ளை, அஞ்சையும் நானே எடுக்கிறன். ஒண்டையும் குட்டி போட விடமாட்டன். கடைசி வரைக்கும் வைச்சுப் பார்க்கிறன்."

"வேண்டாம் அங்கிள்." அவள் குரலில் கோபமே இல்லை. "நானே வைச்சுக்கொள்ளுறன். உங்களை நம்பித்தானே சேர்க்க விட்டனான். இனி ஒரு நாயையும் உங்கட கையில தர எனக்கு மனமில்லை."