ஜட்ஜம்மா உட்கார்ந்த இடம்

எனக்குச் சந்தேக புத்தின்னு எங்க வீட்டுக்காரர் ஊரெல்லாம் தமுக்கடிப்பார். அடிக்கட்டும். தப்பே பண்ணாத ஆளைப் பார்த்தா எனக்கு நம்பிக்கையே வராது. நாயா இருந்தாலும் அப்படித்தான்.

நாங்க ரெண்டு பேரும் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துல வேலை பார்க்கிறோம். நோயாளிங்க மூச்சு விட்ட முகமூடியைக் கண்ணாடி ஜாடியில போட்டு மூடி, வட்டமா சுத்துற இரும்புச் சட்டத்துல மாட்டுறது என் வேலை. ஒரு ஜாடி நோயாளியோடது. மத்ததெல்லாம் நல்லா இருக்கிறவங்களோடது, பெரும்பாலும் எங்க ஆபீஸ் ஆளுங்கதான். அவர் நாயைக் கூட்டிட்டு வருவார். அது ஒவ்வொண்ணா மோந்து பார்த்துட்டு நோய் இருக்கிற ஜாடி முன்னாடி உட்காரணும். உட்கார்ந்தா பிஸ்கட்.

ஜட்ஜம்மான்னு அதுக்குப் பேர் வச்சதே நான்தான். உட்கார்ந்தா அவ்வளவுதான், அப்பீலே கிடையாது. ஒரு தடவைகூடத் தவறினது இல்லை. பெரிய டாக்டருக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியலை. எனக்கு மட்டும் உறுத்திட்டே இருந்துச்சு.

"நீங்கதான் ஏதோ ஜாடை காட்டுறீங்க. சரியான ஜாடி வந்ததும் தொண்டையைக் கனைக்கிறீங்க"ன்னேன்.

"எது யாரோடதுன்னு எனக்கே தெரியாதேம்மா. மாட்டுறது நீதானே?"

"என் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருப்பீங்க."

"உன் மூஞ்சியைப் பார்த்து என்னைக்கு எனக்கு என்ன புரிஞ்சிருக்கு?"ன்னு சிரிச்சார்.

விடுவேனா? அவரைத் திரைக்குப் பின்னாடி நிக்க வச்சிட்டு நானும் வெளியே போய்ட்டேன். அப்பவும் ஜட்ஜம்மா டாண்ணு சரியான ஜாடி முன்னாடிதான் உட்கார்ந்தா.

இந்தச் சமயத்துலதான் எங்க அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அண்ணன் மார்க்கெட்ல ஏலம் விடுறவன். குரல் இருந்தாத்தான் அவன் வீட்ல அடுப்பெரியும். மாசக்கணக்கா கரகரப்பு போகலை. தொண்டைக்குள்ள குழாய் விட்டு, துளி சதை எடுத்துச் சோதிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். மார்க்கெட்டையே அதட்டுற ஆளு, குழாய்ன்னதும் வெலவெலத்துப் போய்ட்டான். என்கிட்ட மூச்சு விடாம இவர்கிட்ட போய், "மாப்பிள்ளை, அந்த நாய்கிட்ட என்னையும் ஒருதடவை காட்டுங்களேன்"னு கெஞ்சியிருக்கான். மச்சான் கேட்டா இவருக்கு இல்லைன்னு சொல்ல வாய் வராது. நான் இல்லாத நேரமாப் பார்த்து அவன் ஜாடியை மாட்டிட்டார். ஜட்ஜம்மா மோந்துட்டுப் பேசாம தாண்டிப் போய்ட்டா.

அதோட அண்ணன் சோதனையே வேண்டாம்னுட்டான். "ஜட்ஜம்மாவே விடுதலை பண்ணிட்டா, அப்புறம் என்ன குழாய்?"ங்கிறான், அதே கரகரப்போட.

எனக்கு வந்துச்சே கோபம்! "நாய் பார்க்கிறது ஆராய்ச்சி, வைத்தியம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா? எங்க அண்ணனுக்கு ஏதாவது ஆச்சு, உங்களைச் சும்மா விடமாட்டேன்"ன்னு கத்தினேன். அவர் தட்டுல போட்ட சாப்பாட்டைத் தொடலை.

அதுக்கப்புறம் அவர் போக்கே சரியில்லை. அடிக்கடி ஆபீஸ் மேல்மாடிக்குப் போறார். அங்க மருந்தோட சேர்த்து நோயாளிங்களுக்கு எண்ணெய் தேய்ச்சு விடுவாங்க. நோயைக் குணமாக்க இல்லை, வலியும் குமட்டலும் கொஞ்சம் குறையட்டும்னுதான். தேய்ச்சு விடுற அம்மா கலகலன்னு சிரிக்கிற ஆளு. நாய்க்காரருக்கு அங்க என்ன வேலை? ஒருநாள் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தா, பையில குட்டியா ஒரு குப்பி. திறந்தேன். எலுமிச்சைப்புல் வாசனை, மேல்மாடி எண்ணெய். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கையும் களவுமா பிடிக்கலாம்னு குப்பியை இருந்த இடத்துலயே வச்சிட்டேன்.

ஞாயித்துக்கிழமை, என்னைக்கும் இல்லாத திருநாளா ஜட்ஜம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தார். கொஞ்ச நேரத்துல அண்ணனும் வந்தான். ரெண்டு பேரும் முன்னறையில ஏதோ குசுகுசுன்னு பேசினாங்க. நான் டீ எடுத்துட்டுப் போய்க் கொடுத்தேன். அப்பதான் இவர் பின்கதவைத் திறந்து நாயை உள்ளே விட்டார். அது நேரா அண்ணன்கிட்ட போச்சு. மடியில காலைத் தூக்கி வச்சுக் கழுத்தை மோந்துச்சு. இறங்கி, அவன் முன்னாடி உட்கார்ந்துச்சு.

அண்ணன் கையிலிருந்த டீ கீழே கொட்டிடுச்சு. "மாப்பிள்ளை, இவ ஏன் உட்கார்ந்தா?"

"நாளைக்கே போய்ப் பார்த்துடலாம் மச்சான்."

நான் தரையைத் துடைக்கக் குனிஞ்சேன். அண்ணன் கழுத்துல எலுமிச்சைப்புல் வாசனை. நிமிர்ந்து பார்த்தா, எங்க வீட்டுக்காரர் விரலெல்லாம் எண்ணெய்ப் பளபளப்பு. என்னவோ தில்லுமுல்லு நடக்குதுன்னு புரிஞ்சுபோச்சு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அண்ணன் முகத்துல பயம். இப்ப நான் வாயைத் திறந்தா அவன் மறுபடியும் தப்பிச்சு ஓடிடுவான். வாயை மூடிக்கிட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில அண்ணனை உள்ளே கூட்டிட்டுப் போனதும், பெஞ்சுல அவரைப் பிடிச்சேன்.

"சொல்லுங்க. என்ன பண்ணினீங்க?"

"நீ கத்தின மறுநாள், எண்ணெய் தேய்க்கிற அம்மா படியில இறங்கி வந்தாங்க. ஜட்ஜம்மா ஓடிப்போய் அவங்க முன்னாடி உட்கார்ந்துட்டா. அவங்க கல்லு மாதிரி நல்லா இருக்காங்க. எனக்குத் திக்குன்னுச்சு. சுத்தமான முகமூடியில அந்த எண்ணெயை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், அதுக்கும் உட்கார்ந்தா. மேல போய்ப் போய் விசாரிச்சேன். நோயாளிங்க எல்லாரும் எண்ணெய் தேய்ச்ச கையோட கீழ வந்துதான் முகமூடி போடுறாங்க. நாம யாரும் தேய்ச்சுக்கிறதில்லை. இத்தனை நாளா அவ கண்டுபிடிச்சது எண்ணெயைத்தாம்மா, நோயை இல்லை."

"அண்ணன்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். 'என் தங்கச்சி சொல்லிக் கொடுத்து அனுப்பினாளா?'ன்னு கேட்டார். நாய் சொன்னாத்தான் நம்புவார்னா, நாயையே சொல்ல வச்சிட்டேன். தொண்டைக்கு இதமா இருக்கும்னு சொல்லித் தடவி விட்டேன்."

"பெரிய டாக்டருக்குத் தெரியுமா?"

"இன்னைக்குக் காலையில சொல்லிட்டேன். எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும்னு தலையில கை வச்சு உட்கார்ந்துட்டார்." அவருக்குக் கண் கலங்கிடுச்சு. "ஜட்ஜம்மா மேல தப்பில்லை. நாமதான் அவளுக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டோம்."

இந்த மனுஷனையா சந்தேகப்பட்டேன்னு எனக்கே வெட்கமாப் போச்சு. அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

சோதனை முடிவு வந்துச்சு. குரல் நாண்ல சின்னதா ஒரு கட்டி, புற்றுதான். ஆரம்பத்துலயே பிடிச்சதால குணமாக்கிடலாம், இன்னும் தள்ளிப்போட்டிருந்தா குரலே போயிருக்கும்னார் டாக்டர். நான் அங்கேயே ஓன்னு அழுதுட்டேன்.

சிகிச்சை முடிஞ்சு கட்டில்ல படுத்திருந்த அண்ணன், பேசக் கூடாதுன்னு சொல்லியும் கிசுகிசுத்தான். "பார்த்தியா? ஜட்ஜம்மா சொன்னா சொன்னதுதான்."

எண்ணெய்க் கதையை ஒண்ணு விடாம சொன்னேன். "முதல்ல உன்னை விட்டதும் அவளுக்குத் தெரிஞ்சு இல்லை, அப்புறம் உட்கார்ந்ததும் தெரிஞ்சு இல்லை"ன்னேன்.

"போடி. உனக்கு எப்பவும் சந்தேக புத்தி."

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். "அம்மா, என் தம்பிக்கும் ரொம்ப நாளா தொண்டை சரியில்லை. சோதனைன்னா ஓடுறான். அந்த நாய்கிட்ட கூட்டிட்டு வரட்டுமா?"

அண்ணன் வேகமா தலையாட்டிட்டு வாயைத் திறந்தான். நான் கையால அவன் வாயைப் பொத்தினேன்.

"நாய்க்கு ஒண்ணும் தெரியாதுங்க. உங்க தம்பியை இங்க வரச் சொல்லுங்க. இன்னைக்கே."

அவர் என்னைப் பார்த்தார், வாய் பொத்தப்பட்ட அண்ணனைப் பார்த்தார். அப்புறம் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார்.